வெளியே ஒரு ஆள் வேண்டும்

பொங்கல் விடுமுறைக்கு என் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாக ஆலங்காயம் வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கேட்டான்: "தாத்தா, ஜவ்வாது மலையில குகை எங்கெங்க இருக்கு? தனியா உள்ள போய்ப் பார்க்கணும்."

தனியாக மலையேறுவதை நான் குறை சொல்லமாட்டேன். பணியில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காவலூர் ரோட்டில் விடியும் முன்பே தனியாக நடப்பவன் நான். கூட வருகிறவர் பேசிக்கொண்டே வந்தால் மலை நம்மோடு பேசாது. ஆனால் குகை வேறு. அதற்குள் தனியாகப் போகக் கூடாது என்பதே என் கட்சி. பட்டுத் தெரிந்துகொண்டது.

1978-இல் எனக்கு 22 வயது. மலைமேல் ஒரு குக்கிராமத்தை ஒட்டி ஆழமான பாறைச் சந்து இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு கட்டை டார்ச் லைட்டோடு கிளம்பினேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். தவழ்ந்து தவழ்ந்து உள்ளே போனேன். வௌவால் நாற்றம். ஓரிடத்தில் கை வழுக்கி டார்ச் பாறையில் மோதியது, பல்பு போயிற்று. சட்டைப் பையில் இருந்த தீப்பெட்டி வியர்வையில் நனைந்திருந்தது. காவலூரில் இருட்டைத் தேடி வந்து தொலைநோக்கி வைத்தார்கள். அந்த இருட்டில் நட்சத்திரமாவது தெரியும். இங்கே என் கையே எனக்குத் தெரியவில்லை. வந்த வழி இடதா வலதா? உள்ளே போகும்போது தடவிய பாறை, திரும்பும்போது வேறு பாறையாக இருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ. தூரத்தில் ஒரு குரல் கேட்டது. "சாமி... உள்ள இருக்கியா?" அந்தக் குரல் வந்த பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தேன். ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி. நான் உள்ளே போனதைப் பார்த்திருக்கிறார். ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். "போனவன் வரலியேன்னு பார்த்தேன்" என்றார், அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேரனிடம் சொன்னேன். பதில் தயாராக இருந்தது. "குரங்கணியில 2018-ல கூட்டமா போனவங்கதானே தாத்தா தீயில மாட்டி 23 பேர் செத்தாங்க?"

நியாயமான கேள்வி. மார்ச் மாதம், புல் காய்ந்து கிடக்கும் மலையில் தலை எண்ணிக்கை யாரையும் காப்பாற்றாது. நான் கேட்பது கூட்டமல்ல. வெளியே, விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள். அதே 2018-இல் தாய்லாந்தில் 12 பையன்களும் பயிற்சியாளரும் குகை வெள்ளத்தில் சிக்கினார்களே, அவர்கள் உள்ளே இருப்பது எப்படித் தெரிந்தது? வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்கள்தான் சொல்லின. உயிரோடு கண்டுபிடிக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. சைக்கிளும் இல்லாவிட்டால்?

கொடைக்கானல் குணா குகை கதை எல்லோருக்கும் தெரியும், 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு. 2006-இல் குழியில் விழுந்தவர் பிழைத்தது, கயிற்றில் இறங்க ஒரு நண்பன் மேலே நின்றதால். தனியாக வந்து விழுந்திருந்தால் அந்தக் குழிக்கு அருகில் இருந்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

நம் மலைக் குகைகளும் அந்த வகைதான். ஆந்திராவின் பேலும் குகை, சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்து உண்டானது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், இப்போது விளக்குப் போட்டு வழி அமைத்திருக்கிறார்கள். இங்கே இருப்பது கடினப் பாறை. பிளந்த இடுக்கும், பாறைமேல் பாறை சாய்ந்த சந்தும்தான் குகை. தரை என்று கால் வைத்த இடத்தில் சருகு மூடிய பள்ளம் இருக்கும். கரடி படுத்திருந்தாலும் கேட்பதற்கில்லை. ஃபோன் இருக்கிறதே என்றால், பாறைக்கு அடியில் சிக்னல் கிடைக்காது. காற்றோட்டமில்லாத பள்ளத்தின் ஆபத்து நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாழுங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கை இறக்கி, அணைகிறதா என்று பார்த்த ஊர்தானே இது.

நீலகிரியில் மலைத்தேன் எடுக்க இறங்குகிறவரின் கயிற்றை அவர் மைத்துனர் பிடிப்பார் என்பார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. எத்தனை கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு!

குகைதான் பார்க்கவேண்டும் என்றால் ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டு ஆர்மாமலைக்குப் போ என்றேன். 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியம், கூரையில். அழிந்தது போக மிச்சம். பகல் வெளிச்சத்திலேயே பார்க்கலாம், தவழவேண்டாம். நடக்க வேண்டும் என்றால் 2024-இல் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது, மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள்.

"அது டூர் தாத்தா" என்று சிரித்தான்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் வண்டி இல்லை. என் டைரியில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தான்: 'பீமன் மடவு அருவி வரை. குகை இல்லை. நாலு மணிக்குள் வந்துவிடுவேன்.' நாலே கால் ஆயிற்று. மூன்றரையிலிருந்தே நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன்.