நெடுஞ்சாலையின் கீழே ஒரு பந்துக்களம்



சபையின் நற்பணி நிதியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. பசியோடிருப்பவர்கள் இருக்க, விளையாட்டுக்கு எதற்குப் பணம்? நியாயமான கேள்விதான். கேட்கிறவர்களைக் கடின இருதயமுள்ளவர்கள் என்று நான் எண்ணுவதில்லை. பெரும்பாலும் அவர்களே முதலில் கொடுக்கிறவர்கள். ஆகிலும் இக்காரியத்தில் என் எண்ணம் வேறு. இலண்டனில் ஓர் அறக்கட்டளை செய்ததை முன்வைத்து அதைச் சொல்லுகிறேன்.

ஈட்டன் ஃபைவ்ஸ் என்றொரு விளையாட்டு உண்டு. மட்டை கிடையாது, கையுறை அணிந்த கையினாலேயே பந்தைச் சுவரில் அடிக்க வேண்டும். ஆறாம் ஹென்றி மன்னர் 1440இல் நிறுவிய ஈட்டன் கல்லூரியில், ஆலயத்தின் வெளிச்சுவரில் முட்டுச்சுவர்களுக்கு இடையே இருந்த ஒடுக்கமான இடத்தில் மாணவர்கள் பந்தடித்து ஆடியதிலிருந்து பிறந்தது அது. 1840இல் அதற்கென்று தனிக் களங்கள் கட்டியபோது, ஆலயத்தருகே இருந்த படியையும் இடப்புறம் நீட்டிக்கொண்டிருந்த முட்டையும்கூட விட்டுவிடாமல் அப்படியே கட்டினார்கள். இன்றும் எங்கே ஈட்டன் ஃபைவ்ஸ் களம் எழுப்பினாலும் அந்த ஆலயச் சுவரின் சாயல் அதில் இருக்கும். (நம் ஆலயச் சுவரில் பந்தடிக்கும் சிறுவர்களைத் துரத்துகிற மூப்பர்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.)

அதன் விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. பந்தைத் தொடங்கி வைக்கிறவர் எதிராளியை ஏமாற்றும்படி எறிவதில்லை. அவர் அடிப்பதற்கு ஏற்றதாகவே எறிந்து கொடுக்கவேண்டும். வாகாக வரவில்லையென்றால் எதிராளி அதை விட்டுவிடலாம், மறுபடியும் எறிந்து கொடுக்கவேண்டும். வழக்கமாக நடுவரும் இருப்பதில்லை. தவறு நேர்ந்ததா இல்லையா என்பதை ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ளுகிறார்கள்.

இவ்வளவு நற்குணமுள்ள ஆட்டம் இங்கிலாந்தில் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் மதிலுக்குள்ளேயே இருந்துவந்திருக்கிறது. காரணம் எளிது. மூன்று சுவரும் படியும் முட்டும் கொண்ட அந்தக் களத்தை வெறும் மைதானத்தில் கோடு கிழித்து உண்டாக்க முடியாது. யாராவது பணம் போட்டுக் கட்டினாலொழிய அது இல்லை.

இனி வடக்கு கென்சிங்டனுக்கு வருவோம். அங்கே வீடுகளை இடித்து, எஞ்சிய வீடுகளின் சன்னல்களை உரசுவதுபோல ஓர் உயர்மட்டச் சாலை போடப்பட்டு 1970இல் திறக்கப்பட்டது. வெஸ்ட்வே என்பது அதன் பெயர். சாலையின் அடியில் கிடந்த நிலமாவது எங்களுக்கு வேண்டும் என்று அவ்வட்டாரத்தார் போராடினார்கள். 1971இல் அந்த 23 ஏக்கரைப் பொதுநன்மைக்காகப் பராமரிக்க ஓர் அறக்கட்டளை உண்டாயிற்று; இன்று அதற்கு வெஸ்ட்வே டிரஸ்ட் என்று பெயர். அந்த நிலத்தில் எழுந்த விளையாட்டு மையத்தில் டென்னிஸ் களங்களோடும் ஏறிப் பழகும் சுவரோடும் நான்கு ஈட்டன் ஃபைவ்ஸ் களங்களும் கட்டப்பட்டன. சீமான்களின் ஆட்டம், லாரிகள் இரைந்தோடும் சாலைக்குக் கீழே!

இது ஏழைகளின் பங்கை எடுத்துச் செல்வரின் ஆட்டத்திற்குக் கொடுத்ததல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. செல்வரின் பள்ளிக்குள் ஐந்தாவது களம் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தால் அது வீண்செலவு. மதிலுக்குள் இருந்ததைத் தெருவிலுள்ளோர் நுழையக்கூடிய இடத்தில் வைப்பது வேறு காரியம். ஏழைப் பிள்ளைக்கு அரிசி போதும், அழகான ஆட்டம் எதற்கு என்று நாம் முடிவுசெய்யும்போது, அந்தப் பிள்ளையை வயிறாக மட்டுமே பார்க்கிறோம். எருசலேமின் மீட்பை விவரிக்கும் சகரியா 8ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கோலூன்றிய முதியோரோடு, வீதிகளில் விளையாடும் சிறுவர் சிறுமியரையும் தீர்க்கதரிசி அங்கே காண்கிறார்.

2017 ஜூன் 14 அன்று அந்த மையத்திற்கு மிக அருகிலிருந்த கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். உயிர் தப்பினவர்களுக்கும், உறவினரைத் தேடி அலைந்தவர்களுக்கும் உதவி செய்யும் இடமாக அந்த விளையாட்டு மையம் மாறிற்று. யாரும் அதற்கென்று அதைக் கட்டவில்லை. இதைக் காட்டி விளையாட்டுச் செலவை நியாயப்படுத்துவது இறந்தவர்களை அவமதிப்பதாகும், நடந்ததால் சொல்லுகிறேன்.

இந்த அறக்கட்டளையைப் புகழ்ந்துவிட்டு நான் போய்விடவும் முடியாது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் பெயரால் இயங்கும் அமைப்பின் பிரிட்டிஷ் கிளை அதன் வரலாற்றை ஆராய்ந்து, 2020இல் அறிக்கை வெளியிட்டது. கறுப்பின, ஆப்பிரிக்க-கரீபிய மக்களிடம் அது நிறவெறியோடு நடந்துகொண்டது, அக்குறை அந்த நிறுவனத்தின் அமைப்பிலேயே ஊறியிருந்தது என்று அவ்வறிக்கை கண்டது. அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டது. நிலம் அம்மக்களுக்காகவே பெறப்பட்டது. என்ன கட்டுவது, யாருக்கு எந்த மூலை என்று தீர்மானிக்கும் மேசையில்தான் அவர்களுக்கு இடமில்லாமற்போயிற்று. எனக்கு இது களத்தின் செலவைவிடப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. பணம் கொடுப்பவர்களாகிய நாம், பெறுகிறவர்களுக்கு என்ன தேவை என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் போல நடந்துகொள்ளுகிறோம். அன்னதானத்திலும் அதைச் செய்கிறோம், கல்வி உதவியிலும் செய்கிறோம்.

ஆலயத்தின் பின்புறமுள்ள வெற்றிடத்தைப் பற்றி வாலிபர் ஐக்கியத்தார் கொடுத்த விண்ணப்பம் இம்மாதக் கமிட்டிக்கு வருகிறது. அதில் செலவுக் கணக்கு இருக்கிறது. பின்தெருவிலுள்ள, சபையைச் சேராத பிள்ளைகள் எந்நேரம் உள்ளே வரலாம் என்பது இல்லை. அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். எழுதுவதற்கு முன் அந்தப் பிள்ளைகளையே போய்க் கேட்கவும் சொல்லியிருக்கிறேன்.