பனிக்குக் கீழே ஒரு வில்லன்!

பனின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்விட்சர்லாந்து டூயட்தானே! பனி உருகினதும் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் போய்ப் பாருங்க. கோல்ஃப் மைதானத்துப் புல்வெளியில் வட்ட வட்டமா வெளிறிப்போன திட்டுகள். புல்லெல்லாம் ஒட்டிப்போய், மேலே நூலாம்படை மாதிரி சாம்பல் நிறப் படலம். பேரு, 'ஸ்நோ மோல்டு'. தமிழில் சொன்னா, பனிப் பூஞ்சை!

'அந்தக் குளிரில் பூஞ்சை எப்படி பாஸ் பிழைக்கும்?'னு கேட்கறீங்களா? கனமான பனி, நிலத்துக்குக் கம்பளி போர்த்தின மாதிரி. வெளியே மைனஸ் 20 டிகிரி அடிச்சாலும், உள்ளே கிட்டத்தட்ட 0 டிகிரிதான். இருட்டு, ஈரம், போட்டிக்கு ஆளில்லை... பூஞ்சைக்குக் கொண்டாட்டம்! நிலம் உறையறதுக்கு முன்னாடியே பனி விழுந்து, 2 மாசத்துக்கு மேல் கிடந்தா, ஆபத்து அதிகம்.

இதில் ரெண்டு வகை. 'டைஃபுலா' தர்ற சாம்பல் பூஞ்சைக்குப் பனிப் போர்வை வேணும். கோடை முழுக்க கடுகு மாதிரி உருண்டைகளா தூங்கிட்டு, குளிர் வந்ததும் முழிச்சுக்கும். 'மைக்ரோடோக்கியம்' தர்ற இளஞ்சிவப்புப் பூஞ்சைக்குப் பனியே தேவையில்லை. குளிரும் ஈரமும் போதும். முதலாவது பெரும்பாலும் இலையோடு நிறுத்திக்கும். ரெண்டாவது, சில சமயம் அடிக்குருத்தையே காலி பண்ணிடும்.

சாம்பல் திட்டு கண்ணில் பட்டபிறகு மருந்தடிச்சுப் பிரயோஜனமில்லை. வேலையெல்லாம் பனிக்கு முன்னாடிதான். வளர்ச்சி நிற்கும்வரை புல்லை வெட்டணும். நீளமாவிட்டா மடிஞ்சு படுத்துக்கும். உதிர்ந்த இலைகளை வாரிடணும். கடைசி நேரத்தில் நைட்ரஜன் உரத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. தளதளன்னு இருக்கிற புல், பூஞ்சைக்கு விருந்து!

கோல்ஃப் மைதானத்தில் பூஞ்சைக்கொல்லியும் அடிப்பாங்க. ஆனா எப்போ? சீக்கிரம் அடிச்சா பனி வர்றதுக்குள்ளே வீரியம் குறையும். தள்ளிப்போட்டா மைதானமே வெள்ளையாகிடும். அந்தத் தேதியைச் சரியா கணிக்கிறதுதான் பராமரிப்பாளரோட வேலையைக் காப்பாத்தும். சும்மா இல்லீங்க, பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் புல்வெளி அறிவியலுக்குன்னே டிகிரி இருக்கு!

எம்.எஸ். படிக்கப் போய், வாடகை வீட்டு லானோடு மாட்டிக்கிட்டீங்களா? பாதையில் தள்ளுற பனியைப் புல் மேல் மலையா குவிக்காதீங்க. வசந்தத்தில் திட்டு தெரிஞ்சா, பதறாம ரேக்கால் மெதுவா கிளறிவிடுங்க. காத்தும் வெயிலும் பட்டா, பெரும்பாலும் தானே துளிர்க்கும். துளிர்க்காத இடத்தில் மட்டும் விதை தூவுங்க.

அக்டோபரில் எழுதி, ஏப்ரலில் ரிசல்ட் பார்க்கிற பரீட்சை இது. 'ஒன் நைட் ஸ்டடி' பார்ட்டிகளுக்கு இங்கே பாஸ் மார்க் கிடையாது மக்களே!