மலையின்மேல் பழி

ஒரு நாடு ஏன் வறுமையில் கிடக்கிறது என்று பூமிசாத்திரப் பரீட்சையில் கேட்டால், மாணவன் எழுதும் விடை நமக்கு மனப்பாடம்: கடற்கரை இல்லை, மலை மிகுதி, சனத்தொகை பெருத்துவிட்டது. ஆபிரிக்காவின் மலாவியைப் பற்றி அவன் இவ்வாறே எழுதுகிறான். நமது சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றிக் கேட்டாலும் விடை அதிகம் மாறுவதில்லை: அடைமழை, செங்குத்துச் சரிவு, போக்குவரத்தற்ற ஒதுக்குப்புறம். இவ்விடைக்கு முழுப் புள்ளி வழங்கும் ஆசிரிய நண்பர்களோடு நாம் வழக்காட வேண்டியிருக்கிறது.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது, மெய்தான். அம்மழையே தேயிலையையும் இறப்பரையும் வளர்க்கிறது. மண்ணுக்கடியிலோ மாணிக்கம் கிடக்கிறது. ஒதுக்குப்புறம் என்கிறார்களே, இரத்தினபுரிக்கு 1912இலேயே ரயில் வந்துவிட்டது. யட்டியாந்தோட்டைக்கு அதற்கும் முன்பே வந்தது. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்தை அடைய எந்த மலையும் குறுக்கே நிற்கவில்லை. லயத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும், பிரசவ வேதனையிலுள்ள தாய் ஆஸ்பத்திரி போகும்போதும் மட்டுமே அந்த மலை எழுந்து நிற்கிறது! (பிற்காலத்தில் அவிசாவளைக்கு அப்பால் ரயிலே ஓடாமற்போனது வேறு கதை.)

இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு எழுபது பங்கு வரை இன்று சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் அத்தகைய சிறுதோட்டங்கள் ஏராளம். தோட்ட வேலிக்கு அப்பால், அதே சரிவில், அதே மழையில், ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் கிராமத்து விவசாயியைப் பாருங்கள். அவரும் செல்வரல்லர். கடன் அவரையும் அரிக்கிறது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை அவரையும் வதைத்தது. எனினும் தம் வீட்டுக்கு ஓர் அறை சேர்க்க அவர் எந்தத் துரையிடமும் அனுமதி கேட்பதில்லை. வேலிக்கு இப்பால், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வந்தவருக்குத் தாம் படுத்துறங்கும் மண்ணும் சொந்தமில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். மழைமானியில் அளக்கக்கூடிய வேறுபாடா இது?

நிலத்தின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் சேனையையும் அரசுடைமையாக்கித் தோட்டத்துரைமாருக்கு வழிதிறந்தது. கிராமத்தவனின் காணிப் பசி அங்கே பிறந்தது. அப்பசியைத் தீர்க்க வழி தேடிய ஆட்சியாளர் யார் தலையில் கைவைத்தனர்? 1946இல் கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று சுவீகரித்து, அங்கே உழைத்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். மறுத்தவர்மீது அத்துமீறல் வழக்கு! வேலைநிறுத்தம் பிற தோட்டங்களுக்கும் பரவியது. ஏழைக்கு ஏழையை எதிரியாக்கிய அந்த வித்தை 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தில் முற்றிக் கனிந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மனிதரைப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர்.

அதே 1964இல் மலாவி விடுதலை பெற்றது. அங்கும் ஷிரே மேட்டுநிலத்தை வெள்ளையர் கைப்பற்றித் தோட்டம் போட்டனர். தோட்ட நிலத்தில் குடியிருந்த ஆபிரிக்கர் குடிக்கூலிக்காக உழைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. ‘தங்காத்தா’ என்பது அம்முறையின் பெயர். 1915இல் ஜோன் சிலெம்ப்வே என்னும் பாதிரியார் கிளர்ந்தெழுந்தது இக்கொடுமைக்கும் எதிராகத்தான். கடலில்லாமையே மலாவியின் வறுமைக்கு மூலமென்றால், நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கையின் லயங்களில் அவ்வறுமை எப்படிக் குடியேறிற்று? இரு நாட்டுக்கும் பொதுவானது கடலன்று, தோட்டம்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தை முற்போக்காளர் வரவேற்றனர். நிலம் அரசிடம் வந்தது, தொழிலாளியிடம் வரவில்லை. 1977, 1983 வன்செயல்களில் சப்ரகமுவத்திலிருந்தும் குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடின. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது.

2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியின் களுபஹன தோட்டத்தில் லயம் புதைந்தது. சரிவுக்கு மொழி தெரியாது. ஆனால் லயத்துக்கு இடம் குறித்தவர் எவரும் அதில் வாழ்ந்தவரல்லர். அபாயச் சரிவிலிருந்து ஒரு லயத்தைப் பெயர்த்து வேறிடம் வைக்க வேண்டுமானால், இன்றும் முதலில் கம்பனியின் குத்தகையிலிருந்து அந்த இடம் விடுபட வேண்டும்.