உறுதி இல்லாத வீட்டுப் பிள்ளை

கல்லூரி விழாக் கொண்டாடுங்கால் அதன் பெருமையைப் பேசுதல் மரபு. அதனைப் பேச எம்மினும் மூத்தோர் இம்மலரில் உளர். மஸ்கெலியாவிலே தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியராகிய நாம், கல்லூரி வாயிலுட் புகுவோர் யார், புக இயலாதோர் யார் என்பது பற்றிச் சில கூற விழைகின்றோம்.

பிள்ளைக்குரிய பாடசாலையைப் பெற்றோரே தெரிவு செய்ய வேண்டும் என்பது இன்று உலகெங்கும் கேட்கும் பேச்சு. சில்லி நாடு 1981இலும் சுவீடன் 1992இலும், பிள்ளை எப்பள்ளிக்குச் செல்கின்றதோ அப்பள்ளிக்கே அரசின் பணமும் செல்க என்று விதித்தன. போட்டியால் நலிந்த பள்ளியும் திருந்தும் என்பது அவர்தம் கணக்கு. சில்லியில் நிகழ்ந்ததோ வேறு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு புறமும் வறியோர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பதைத் தடுக்க 2015இல் அந்நாடு சட்டம் இயற்ற நேர்ந்தது.

இலங்கையில் அத்தகைய பணத்திட்டம் இல்லை. ஆயினும் தெரிவு உண்டு. முதலாந் தர அனுமதிச் சுற்றறிக்கையைப் பாருங்கள். அண்மைய ஆண்டுகளின் விதிப்படி நூறு இடங்களில் 50 அருகில் வசிப்போர்க்கு. 25 பழைய மாணவரின் பிள்ளைகட்கு. 15 அங்கே கற்போரின் உடன்பிறந்தார்க்கு. 5 கல்வித்துறை ஊழியர்க்கு. எஞ்சியவை இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர்க்கும் வெளிநாட்டினின்று மீண்டோர்க்குமாம். ஆசிரியராகிய எமக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அருகில் வசிப்போர்க்கே பாதி இடம் என்றால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அருகாமையைக் காட்டுவது எங்ஙனம்? காணி உறுதியினாலும் வாக்காளர் இடாப்பினாலுமே பெரும்பாலும் காட்ட வேண்டும். லயத்து அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர் கையிலும் உறுதி இராது, அறை தோட்டத்துக்குரியது. இடாப்பிலே பெயர் ஏறியதும் எளிதில் அன்று. 1948இற் பறிக்கப்பட்ட பிரசாவுரிமை முற்றாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்றோர் இன்று உளர். வீட்டுத் திறப்புக் கிடைத்தும் உறுதி கிடையாதோரும் உளர். இன்னும் ஒன்று: விண்ணப்பித்த பாடசாலையை விட வீட்டுக்கு அண்மையில் வேறு பாடசாலை இருப்பின் புள்ளி குறையும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டப் பாடசாலை எப்போதும் குறுக்கே நிற்கும்!

பழைய மாணவர்க்குரிய 25 இடங்களைப் பற்றிப் பேசுதல் இம்மலரில் அழகன்று எனச் சிலர் கருதலாம். எனினும் பேசுவோம். இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ மேலும் முப்பது ஆண்டு துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்து, 1970களிலேதான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அங்கே ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்துக் கூடையைச் சுமந்தவரும் பழைய மாணவரே. எந்தக் கல்லூரியின் பழைய மாணவர்? அவர்தம் வறுமை பேரப்பிள்ளையின் விண்ணப்பத்திலும் புள்ளிக் குறைவாக எழுதப்படுகிறது. "வியர்வை சிந்தி வளர்த்த கல்லூரியில் எம் மகன் படிக்கலாகாதா?" என்று கேட்போரை நாம் எள்ளவில்லை. அது தகப்பனின் கேள்வி. கொழுந்து பறிக்கும் தாயின் கேள்வியும் அதுவே.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அடுத்த வாயில். கெட்டிக்காரப் பிள்ளை ஆறாந் தரத்துக்கு ஹட்டனுக்கோ அதற்கப்பாலோ போகிறது. அதிற் குறை காண்போமல்லோம். பஸ் கட்டணமும் பிரத்தியேக வகுப்புப் பணமும் தேடித் தாய் கடன்படுகிறாள். காலைப் பிரட்டுக்கு முன்னே எழுந்து, நோர்வூட் வழியாகப் போகும் பஸ்ஸிற் பிள்ளையை ஏற்றிவிடுகிறாள். மற்றைப் பிள்ளைகள் நிற்கும் பாடசாலையின் நிலை யாது? முன்வாங்கிற் பிள்ளை போனபின் வகுப்பின் பேச்சே குன்றும். பெயர் கெட்ட பாடசாலையில் ஆசிரியரும் தங்கார், இடமாற்றத்துக்கு எழுதுவர். 2015ஆம் ஆண்டளவில் மலையகப் பாடசாலைகட்கு ஆசிரிய உதவியாளரை நியமித்தபோது அவர்க்கு அளித்தது மாதம் 6,000 ரூபா. அப்பணத்தில் எத்துணை நாள் உற்சாகம் நிலைக்கும்?

சுற்றறிக்கையை நாம் திருத்த இயலாது. ஆனால் பழைய மாணவர் சங்கத்தின் கடிதம் அமைச்சில் வாசிக்கப்படும். லயத்திலே நெடுங்காலம் வசிப்பதற்குத் தோட்ட நிருவாகமும் கிராம உத்தியோகத்தரும் தரும் சான்றுக்கு, உறுதிக்குரிய முழுப்புள்ளியும் வழங்குக என்று அக்கடிதம் கேட்கட்டும். பழைய மாணவர் பங்கில் நிரம்பாத இடங்கள் தோட்டப் பிள்ளைகட்கே செல்க என்றும் கேட்கட்டும். விழா நிதியிலே முகப்பு வளைவு கட்டும் யோசனை இருப்பதாக அறிகின்றோம். விழாத்தோறும் வளைவு கட்டுவது நம்மவர் வழக்கம். அப்பணத்திற் பாதி, சுற்றுமுள்ள இரண்டு மூன்று தோட்டப் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்பு நூல்களுக்குப் போதும்.

அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இவற்றைச் சேர்க்குமாறு சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்கள் கோரப்படுமுன் அக்கூட்டம் கூடுதல் நன்று.