பாட்டு இருக்கிறது, படம் எங்கே?

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரியம் செய்வார்கள். படகேறி ஏரியைப் பார்ப்பார்கள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்து வாசலில், செதுக்கி வைத்த எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்வார்கள். நானும் இரண்டையும் முடித்துக் கொண்டு, கருவாடு வாங்கலாமென்று ஒரு குப்பத்துக்குள் நுழைந்தேன்.

வலைமேல் நெத்திலியைப் பரப்பிக் கொண்டிருந்த ஆயாவுக்கு எண்பது வயதுக்குக் குறையாது. கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் எதையோ முனகிக் கொண்டிருந்தது. காதைக் கொடுத்தேன். அட, பாகவதர் பாட்டு! "சிந்தாமணி"யில் வருவது.

"இது எப்படி ஆயா உங்களுக்குத் தெரியும்?" என்றேன்.

"எங்கம்மா பாடும்மா. டெண்ட் கொட்டாயில பாத்துச்சாம், மணலைக் குமிச்சு அதும்மேல குந்திக்கினு. சாவற வரைக்கும் அந்தப் படத்தையேதான் சொல்லிக்கினு இருந்துச்சு. பேரன் செல்லுல பாட்டு வருது. படத்தைப் போடுறான்னா இல்லேங்கிறான். நீ மெட்ராசுலேருந்துதானே வர்றே? அது எங்கம்மா இருக்கு?"

எனக்கு வாய் வரவில்லை.

1937-ல் வெளிவந்த "சிந்தாமணி" ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடைக்கவில்லை. பாட்டுக்கள் பிழைத்தது கிராமபோன் தட்டுக்களின் புண்ணியத்தில்.

இது ஒன்றுதானா? நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ஊமைப்படம் "கீசகவதம்" போயிற்று. 1931-ல் டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த முதல் தமிழ் பேசும்படம் "காளிதாஸ்" போயிற்று. எம். எஸ். சுப்புலக்ஷ்மி முதன்முதலாக நடித்த "சேவாசதனம்", அதுவும் போயிற்று.

யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. அந்தக் காலத்துப் பிலிம் சுலபத்தில் தீப்பிடிக்கும். எரியாமல் தப்பியதை எடைக்குப் போட்டார்கள். கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி உண்டு; கழுவினால் காசு. நாம் பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காகப் போடுகிறோமே, அதே கணக்குத்தான். என் பாட்டியின் கூறைப்புடவை அப்படித்தான் ஒரு எவர்சில்வர் அடுக்காக மாறியது. இன்றைக்கு அந்த அடுக்கைப் பார்த்தால் எனக்குப் பற்றிக் கொண்டு வருகிறது!

பின்னால் வந்த பிலிம் அப்படித் தீப்பிடிக்காது. ஆனால் உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தால் காடி வாடை அடித்துச் சுருங்கிப் போகும். ஈரம் போகாத கருவாடு என்ன ஆகும் என்று ஆயாவைக் கேட்டால் சொல்வாள். கடற்காற்று வீசும் சென்னையில் தகர டப்பாக்களில் கிடந்தவை எப்படித் தப்பும்?

தப்பியவையும் உண்டு. கல்கியின் "தியாக பூமி"யை, சினிமாப் படங்களோடு ஆனந்த விகடனில் வாராவாரம் தொடர்கதையாகப் படித்தார்கள். கே. சுப்ரமண்யம் டைரக்ட் செய்து 1939-ல் வந்த அந்தப் படத்தை வெள்ளைக்கார சர்க்கார் தடை செய்தது. இருந்தும் அதன் பிரதி புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. "மார்த்தாண்ட வர்மா" (1933) என்ற மலையாள நாட்டு ஊமைப்படத்தின் கதை இன்னும் வேடிக்கை. நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட, படம் முடங்கிப் போயிற்று. முடங்கிக் கிடந்ததால் யாரும் எடைக்குப் போடவில்லை. 1974-ல் பத்திரமாகப் புனே போய்ச் சேர்ந்தது! கோர்ட்டுக்குப் போனால் சொத்து அழியும் என்பார்கள். இது கோர்ட்டுக்குப் போனதால் பிழைத்த சொத்து.

உங்களில் யார் வீட்டிலாவது தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தினாரா? படம் விநியோகித்தாரா? பரணில் தகர டப்பா இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அடுப்புப் பக்கமும் கொண்டு போக வேண்டாம். புனேக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.

ஆயாவிடம் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக் கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"நல்லாத் தேடினாங்களாம்மா?" என்றாள்.