ஏற்காட்டுல நின்னா 5 வாட் சின்னதில்ல

செமஸ்டர் முடிஞ்சு ஏற்காடு ட்ரிப் பிளான் போடுற எந்த வாட்ஸ்அப் குரூப்லயும் இப்பல்லாம் ஒரு கேள்வி வந்துடுது: "மச்சி, ஆளுக்கொரு வாக்கி டாக்கி வாங்கிடலாமா?" கேக்குறதுல நியாயம் இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவு, அஞ்சாறு பைக், முன்னாடி போனவன் எங்க நிக்குறான்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது, பாதி இடத்துல போன்ல டவர் இருக்காது. ஆன்லைன்ல தேடினா ஒரு நல்ல ஷூ விலைக்கு 5 வாட் சைனா செட் கிடைக்குது. ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல ஹாஸ்டல் வாசல்ல வந்து நிக்கும்.

நான் சொல்றது இதுதான்: அந்த செட்டை வாங்குறதுக்கு முன்னாடி ஹாம் ரேடியோ பரீட்சையை எழுதுங்க. போலீஸ் பிடிச்சிடும்னு பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. மலைக்காகச் சொல்றேன்.

"5 வாட்தானே, ஒரு சின்ன எல்இடி பல்பு கூட இதைவிட அதிகமா இழுக்கும்"னு நினைக்கிறோம். ஆனா விஹெச்எஃப் அலைவரிசையில தூரத்தைத் தீர்மானிக்கிறது வாட்டைவிட உயரம்தான். ஆன்டெனா பாடத்துல படிச்ச ஃபார்முலாவை ஞாபகப்படுத்திக்குங்க: ரேடியோ தொடுவானம் கிலோமீட்டர்ல, 4.12 பெருக்கல் மீட்டர்ல உயரத்தோட வர்க்கமூலம். சேலத்துல தரையில நின்னு கையில செட்டைப் பிடிச்சா ஆன்டெனா உயரம் ஒன்றரை மீட்டர். விடை சுமார் 5 கிலோமீட்டர். அதே செட்டோட சேர்வராயன் கோயில் உச்சிக்குப் போங்க. கீழ இருக்குற சமவெளியைவிட ஏறக்குறைய 1300 மீட்டர் உயரம். இப்ப விடை 150 கிலோமீட்டர் கிட்ட வருது. நடுவுல வேற மலை மறைக்காத திசையில ஈரோடு, பவானி, கரூர் வரைக்கும் உங்க குரல் எட்டிப்பார்க்கும்.

அதாவது கேம்பஸ்ல பேசினா பக்கத்துத் தெருவோட முடியுற ஒரு கிண்டல், மேல நின்னு பேசினா நாலஞ்சு மாவட்டத்துக்குப் போகுது.

அப்படிப் போனா என்ன? இந்த செட்டுகள்ல பெரும்பாலானவை 136ல இருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 400க்கு மேலயும் எங்க வேணும்னாலும் ட்யூன் ஆகும். இந்தியாவுல அதுல ஹாம்களுக்குன்னு இருக்குறது 144-146, 434-438 மெகாஹெர்ட்ஸ்தான். மிச்சத்துல அரசுத் துறைகளும் நிறுவனங்களும் லைசென்ஸோட வாங்கின சேனல்கள் இருக்கு. எஃப்.எம்.ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா வலுவான சிக்னல் ஜெயிக்கும், மத்தது காணாம போயிடும். கேப்சர் எஃபெக்ட்னு கம்யூனிகேஷன் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு எழுதுவோமே, அதேதான். மலை மேல இருந்து நீங்க "டேய் டீக்கடையில நில்லு"ன்னு சொல்ற அந்த அஞ்சு செகண்டுல கீழ யாரோட அவசரத் தகவல் அடிபட்டுப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவங்க பேசுறது உங்க செட்ல கேக்காமலே இருக்கலாம், நீங்க பேசுறது மட்டும் அவங்களுக்குக் கேக்கும்.

இதனாலதான் சட்டம் கறாரா இருக்கு. 1933ல வந்த வயர்லெஸ் சட்டப்படி அனுமதி இல்லாம டிரான்ஸ்மிட்டர் வச்சிருக்கறதே குற்றம், பேசணும்னு கூட இல்ல. அந்தச் சட்டத்தோட இடத்துக்குக் கொண்டுவந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வச்சிருக்க அனுமதி வேணும்னுதான் சொல்லுது. மலை உச்சியில இருந்து பேசுறவரைக் கண்டுபிடிக்கறதும் பெரிய விஷயம் இல்ல. திசை காட்டுற ஆன்டெனாவோட ரெண்டு இடத்துல நின்னா கோடு ரெண்டும் எங்க வெட்டுதோ அங்க ஆள் இருப்பார். ஹாம்கள் இதை ஒரு விளையாட்டாவே ஆடுறாங்க, 'ஃபாக்ஸ் ஹன்ட்'ன்னு பேரு.

ஆனா அமலாக்கம்னா முதல்ல யார் மேல பாயணும்? வாங்குற பையன் மேலயா, இது சட்டப்படி என்ன பொருள்னு ஒரு வரி கூடச் சொல்லாம விக்கிறவங்க மேலயா? 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினதோட, இப்படிப்பட்ட விற்பனையைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டுச்சு. செட் எந்த அலைவரிசையில வேலை செய்யும், அரசு ஒப்புதல் இருக்கா, லைசென்ஸ் வேணுமான்னு விற்பனைப் பக்கத்துலயே சொல்லணும்னு அது கேக்குது. சரியான இடத்துல கைவச்சிருக்காங்க, ஆனா ரொம்பத் தாமதம். லைசென்ஸே வேணாம், நண்பர்களோட பேசினா போதும்னா அதுக்கும் வழி இருக்கு. 2018 விதிப்படி 446.0-446.2 மெகாஹெர்ட்ஸ்ல குறைஞ்ச சக்தியில ஓடுற, ஒப்புதல் வாங்கின செட்டுக்கு லைசென்ஸ் தேவையில்ல. கொண்டை ஊசி வளைவுல ரெண்டு பைக் பேசிக்க அதுவே போதும்.

இப்ப பரீட்சை. ஹாம் லைசென்ஸ்ல ரெண்டு வகை: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். 12 வயசு ஆனா ரெண்டையும் எழுதலாம். யோசிச்சுப் பாருங்க, ஏழாங்கிளாஸ் பிள்ளை எழுதக்கூடிய பரீட்சை! பேப்பர்ல ரெண்டு பகுதி: ரேடியோ தியரி, விதிமுறைகள். ரெஸ்ட்ரிக்டட்ல ஒவ்வொரு பகுதியிலயும் 40 சதவீதம், மொத்தம் 50 எடுத்தா பாஸ். மோர்ஸ் கிடையாது, கால்சைன் வி.யு.3ல ஆரம்பிக்கும். ஜெனரலுக்கு 50, மொத்தம் 55, கூடவே நிமிஷத்துக்கு 8 வார்த்தை வேகத்துல மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரியணும். கால்சைன் வி.யு.2. தியரிப் பகுதி ஈசிஈ பசங்களுக்குப் பழைய பாடம்தான். மத்த டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு மாச உழைப்பு.

நாம வழக்கமா புலம்புறது மோர்ஸைப் பத்தி. ஷார்ட்வேவ்ல பேச மோர்ஸ் கட்டாயம்ங்கிற உலகளாவிய நிபந்தனையை 2003லயே எடுத்துட்டாங்க, அமெரிக்கா 2007ல முழுசா விட்டுடுச்சு, நமக்கு மட்டும் எதுக்குன்னு கேக்குறாங்க. என்னைக் கேட்டா, மோர்ஸை விருப்பப் பாடமாக்கிடலாம். ஆனா விதிமுறைப் பகுதியில கை வைக்கவே கூடாது. அங்கதான் முக்கியமான பாடம் இருக்கு: பேசுறதுக்கு முன்னாடி கேளு, கால்சைன் சொல்லு, பாட்டு போடாதே, வியாபாரம் பேசாதே, ரகசிய சங்கேதத்துல பேசாதே, அவசரச் செய்திக்கு வழிவிடு. மலை உச்சியில நிக்கிறவனுக்கு ஓம்ஸ் விதியைவிட இது அவசியம்.

அந்த ஒழுங்குக்கு என்ன மதிப்புன்னு 2004 டிசம்பர்ல தெரிஞ்சுது. பல வருஷமா ஹாம் ஒலிபரப்பே இல்லாத அந்தமான்ல, முறையா அனுமதி வாங்கிட்டு வந்து போர்ட் பிளேர்ல ஸ்டேஷன் போட்டிருந்தாங்க பாரதி பிரசாத். 26ஆம் தேதி சுனாமி. போன் போச்சு, அவங்க ரேடியோ நின்னுச்சு. தீவுல யார் பத்திரமா இருக்காங்கன்னு வெளியூர்ல தவிச்சவங்களுக்குத் தகவல் போச்சு. செட் மட்டும் இருந்திருந்தா அது நடந்திருக்காது. எதிர்முனையில அந்தக் கால்சைனை அடையாளம் தெரிஞ்சு, நம்பி, வழிவிட்டுக் கேட்ட ஆட்கள் இருந்தாங்க. மழைக்காலத்துல மண்சரிஞ்சு ரோடு அடைபடுற மலைக்கு அடியில இருக்குற நமக்கு இது தூரத்துக் கதை இல்ல.

அரசுகிட்ட ஒரே ஒரு கோரிக்கை. வாங்குறது ஒரு க்ளிக், லைசென்ஸ் வாங்குறது மாசக்கணக்குன்னு இருக்குற வரைக்கும் ஆளுங்க க்ளிக்கைத்தான் தேர்ந்தெடுப்பாங்க. பரீட்சைக்கு சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறணும், பாஸானாலும் போலீஸ் சரிபார்ப்பு முடியணும். செமஸ்டருக்கு ஒரு தடவை சேலத்துல ஒரு கல்லூரி ஹால்ல பரீட்சை வைங்க. ஹால் டிக்கெட், பெஞ்ச், ஃபேன் எல்லாம் நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு.

அது வர்ற வரைக்கும் நாம காத்திருக்க வேணாம். விதிப்படி கல்வி நிறுவனங்கள் கிளப் ஸ்டேஷன் வைக்கலாம். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் நாலு பேர் சேர்ந்தா ஒரு பேட்ச் ஆயிடும். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையோட சரல் சஞ்சார் தளத்துலயே போடலாம். அடுத்த சிம்போசியத்துக்கு டி-ஷர்ட் அடிக்கிற காசுல பாதி போதும். ஒரு வி.யு.3 கால்சைன் கையில இருந்தா, அடுத்த ட்ரிப்ல சேர்வராயன் உச்சியில நின்னு பட்டனை அமுக்குறப்ப, கீழ யாரோ ஒருத்தர் உங்க கால்சைனைச் சொல்லிப் பதில் பேசுவார். அதுக்காகவாவது எழுதுங்க.