ஒரு ஸ்பேஸ் பண்ண வேலை

"ஆர்எம்முக்கும் ஆர்எம்டிஐஆருக்கும் என்ன வித்தியாசம்?" செகண்ட் இயர் லேப் வைவாவுல இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவ நான். ஆர்எம்டிஐஆர் காலி டைரக்டரியை மட்டும் நீக்கும். ஆர்எம்கூட மைனஸ் ஆர் சேர்த்தா உள்ளே இருக்கறதெல்லாம் சேர்ந்து போகும், மைனஸ் எஃப் போட்டா கேள்வியே கேட்காது. ரெகார்ட் நோட்லயும் அழகா எழுதி கையெழுத்து வாங்கியாச்சு.

ஃபைனல் இயர் செகண்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி, அம்பத்தூர்ல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து என் ப்ராஜெக்ட் ஃபோல்டரையே காலி பண்ணினேன். டிஸ்க் நிறைஞ்சுடுச்சு, பழைய டேட்டாசெட் நாலு கிடந்துச்சு. 'டேட்டாசெட்'னு அடிச்சு, ஒட்டினாப்புல ஸ்டார் போடணும். நடுவுல ஒரு ஸ்பேஸ் விழுந்துடுச்சு. ஷெல்லுக்கு அது ரெண்டு தனிச் சொல். வெறும் ஸ்டார்னா அந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லாமே. 'டேட்டாசெட்'ங்கற பேர்ல ஒண்ணுமே இல்லைன்னுகூட அது சொல்லல, மைனஸ் எஃப் போட்டிருந்தேனே!

இதுல எனக்கு ஒரு பெரிய துணை உண்டு. 2011ல பம்பிள்பீங்கற லினக்ஸ் மென்பொருளோட இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட்லயும் இதே மாதிரி ஒரு ஸ்பேஸ். நிறுவினவங்க மெஷின்ல யூஎஸ்ஆர் டைரக்டரியே காணாமப் போச்சு.

இப்படிச் சொன்னா லேப்ல உடனே ஒரு தீர்வு சொல்வாங்க: ஆர்எம்முக்கு அலையாஸ் போட்டு, ஒவ்வொரு ஃபைலுக்கும் 'நிச்சயமா?'ன்னு கேட்க வெச்சிடலாம். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. பத்தாவது தடவைக்கு மேல விரல் தானா ஒய் அடிக்கும். அதைவிட மோசம், அந்த அலையாஸ் உங்க லேப் மெஷின்ல மட்டும்தான் இருக்கும். நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல சர்வர்ல அது இருக்காது, உங்க கை மட்டும் 'எப்படியும் கேட்கும்'னு பழகியிருக்கும்.

கிட்லேப்ல நடந்ததைப் பாருங்க. 2017 ஜனவரி 31, ராத்திரி நேரம். அனுபவசாலி இன்ஜினியர் ஒருத்தர், ரெண்டாவது சர்வர்னு நினைச்சு மெயின் டேட்டாபேஸ் சர்வர்ல டைரக்டரியை நீக்க ஆரம்பிச்சுட்டார். ஓரிரு வினாடியில சுதாரிச்சு நிறுத்தினார். சுமார் 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி. இதைவிட எனக்குப் பகீர்னு இருந்தது அடுத்த விஷயம்தான்: பேக்கப்பைத் தேடினா வேலை செய்யற பேக்கப் இல்ல. வெர்ஷன் பொருந்தாம அது தினமும் ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு, அதைச் சொல்ற மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. எல்லாத்தையும் அவங்களே வெளிப்படையா எழுதினாங்க, அதுக்கு ஒரு சல்யூட்.

அதனால நான் கேக்கறது ஒண்ணுதான். லினக்ஸ் லேப்ல ஒரு பீரியட் ஒதுக்குங்க. ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் குடுங்க. நாங்களே எங்க வேலையை மொத்தமா நீக்கறோம், அப்புறம் பேக்கப்ல இருந்து மீட்டுக் காட்டறோம். மீட்டாத்தான் மார்க். ஆர்எம் உண்மையில டேட்டாவைத் துடைக்கறது இல்ல, பேரை மட்டும் எடுத்துட்டு இடம் காலின்னு குறிச்சுக்குது. எஸ்எஸ்டில ட்ரிம் ஓடிட்டா அந்த நப்பாசையும் போச்சு. இதெல்லாம் வைவாவுக்கு மனப்பாடம் பண்ணா ஏறாது, கை நடுங்கினா ஏறும். நீக்கறதுக்கு முன்னாடி அதே பேட்டர்னை எல்எஸ்ல அடிச்சுப் பார்க்கற பழக்கம் எனக்கு அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் வந்துச்சு.

கிட்ல கமிட் போட்டிருந்தாக்கூடத் தப்பிச்சிருப்பேன். வெறும் ஸ்டார் புள்ளியில ஆரம்பிக்கற பேர்களைத் தொடாது, புள்ளி கிட் ஃபோல்டர் அப்படியே இருந்திருக்கும். நான் 'ரிவ்யூ முடிஞ்சு போட்டுக்கலாம்'னு இருந்தேன்.

கடைசியில கைட் சாருக்கு மூணு வாரம் முன்னாடி அனுப்பின ஒரு ஜிப் ஃபைல் மெயில்ல கிடைச்சுது. விடியற வரைக்கும் முடிஞ்சதைச் சேர்த்துட்டு, கண்ணெரிச்சலோட ரிவ்யூவுக்குப் போய் நின்னேன். சார் ஸ்க்ரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, போன மாசம் காட்டினதுதானே இது?"